மகளின் சுருள்முடிக்குக் கைதேர்ந்த ஒருவர் வேண்டும் (பரிஸ் வட்டாரம்)

பரிஸ்மல்லிகை
செவ்வாய், இரவு 9.40

வணக்கம். என் கணவர் கரீபியன் தீவான குவாதலூப்பைச் சேர்ந்தவர். எங்கள் மகளுக்கு ஆறு வயது. முடி முழுக்க முழுக்கத் தகப்பன் வழி. ஈரமாக இருக்கும்போது தோளைத் தாண்டுகிறது, காய்ந்ததும் சுருண்டு காதுமடலோடு நின்றுவிடுகிறது. இதுவரை என் மாமியார் ஆண்டுதோறும் வந்து மாதக்கணக்கில் தங்கிப் பின்னிவிட்டுப் போவார். எனக்கும் சில வேலைகளைப் பழக்கிவிட்டார். ஞாயிற்றுக்கிழமை முழுக்கு, சிக்கெடுப்பு, இரண்டு புரியாக முறுக்கிவிடுவது எல்லாம் என் கைக்கு வரும். தலையோடு ஒட்டிப் பின்னுவதும் நுனி வெட்டுவதும் வராது. இப்போது மாமியாருக்கு முழங்காலில் சத்திரசிகிச்சை. இந்த ஆண்டு வரமாட்டார்.

வீட்டுக்கு அருகில் ஒரு சலூனில் கேட்டேன். அங்கிருந்த பெண் பிள்ளையின் தலையைப் பார்த்துவிட்டு, "இதற்கு எங்களிடம் ஆள் இல்லை" என்று சொல்லிவிட்டார். அதையாவது நேர்மை என்று எடுத்துக்கொள்ளலாம். அடுத்த கடையில் துணிந்து உட்காரவைத்தார்கள். உலர்ந்த முடியில், உச்சியிலிருந்து, சிறுபல் சீப்பால் இழுத்தார்கள். பிள்ளை அலறியதும் "பழக்கமில்லைப் போலும்" என்று என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். பாதியில் எழுப்பிக்கொண்டு வந்துவிட்டேன்.

ஆப்பிரிக்க முடிச் சலூன்கள் நிறைந்த ஷாத்தோ தோ வட்டாரத்தில் கடைகளுக்குக் குறைவில்லை. மெட்ரோப் படியேறி வெளியே வருவதற்குள் நாலு பேர் சூழ்ந்துகொள்கிறார்கள். அவர்களில் யாரை நம்பிப் பிள்ளையின் தலையைக் கொடுப்பது? கடையின் பெயரைச் சொன்னாலும் சரி, நல்ல கையை எப்படி அடையாளம் காண்பது என்று சொன்னால் இன்னும் நல்லது. நாங்கள் இருப்பது பொபினியில்.

பழைய நல்லூரான்
செவ்வாய், இரவு 10.15

தங்கச்சி, இதற்கு ஏன் கடைகடையாக அலைகிறீர்கள்? வாரம் இரண்டு தரம் நல்ல தேங்காய் எண்ணெயை உச்சியில் வைத்து ஊறவிட்டு, சீயக்காய் தேய்த்து முழுகவார்த்து, இறுக்கி இரட்டைப் பின்னல் போட்டுவிடுங்கள். எங்கள் வீட்டில் ஐந்து பெண்பிள்ளைகளும் அப்படித்தான் வளர்ந்தார்கள். ஒருத்திக்கும் முடி இடுப்புக்கு மேலே நின்றதில்லை.

தாதி நிலா
புதன், காலை 7.05

நல்லூரான் ஐயா, உங்கள் வீட்டில் ஐந்து தலையிலும் இருந்தது ஒரே வகை முடி. இது வேறு. இரவுப் பணி முடிந்து வந்து எழுதுகிறேன், கொஞ்சம் கடுமையாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நேர்முடியைக் குறுக்கே வெட்டிப் பார்த்தால் ஏறக்குறைய வட்டமாக இருக்கும். இந்த முடி தட்டையான நீள்வட்டம். வேர்ப்பையே வளைந்திருப்பதால் முடி வெளியே வரும்போதே சுருளாக வருகிறது. உச்சந்தலையில் சுரக்கும் நெய் நேர்முடியில் வழுக்கிக்கொண்டு நுனிவரை இறங்கிவிடும். சுருளிலோ ஒவ்வொரு வளைவிலும் தடைபட்டு வேரோடு நின்றுவிடும். அதனால் தலை பிசுபிசுத்தாலும் நுனி காய்ந்தே கிடக்கும். வளைவு இருக்கும் இடமெல்லாம் முறிவதற்கு வாய்ப்பான இடம். அந்தத் தலையில் வாரம் இரண்டு முறை சீயக்காயைத் தேய்த்தால் இருக்கிற கொஞ்ச நெய்யும் போய்விடும்.

தேங்காய் எண்ணெயைக் குறை சொல்லவில்லை. அது முடித்தண்டுக்குள் புகுந்து, கழுவும்போது புரதம் வெளியேறுவதைக் குறைக்கிறது என்று ஆய்வில் கண்டிருக்கிறார்கள். முழுக்குக்கு முன் பூசினால் நல்ல பயன் உண்டு. ஆனால் காய்ந்த முடியில் எண்ணெயை மட்டும் பூசினால் ஈரம் எங்கிருந்து வரும்? முதலில் தண்ணீர் அல்லது நீர்ப்பதமான கண்டிஷனர், அதன்பிறகு அந்த ஈரத்தை அடைத்துவைக்க எண்ணெய் அல்லது ஷியா வெண்ணெய். மல்லிகையின் மாமியாரும் இந்த வரிசையில்தான் செய்திருப்பார்.

இறுக்கிப் பின்னச் சொல்வதுதான் எனக்குப் பயம். நெற்றியோரத்திலும் காதுக்கு மேலும் முடி மெலிந்து வழுக்கை விழுந்த இளம்பெண்களைத் தோல்நோய்ப் பிரிவில் பார்க்கிறேன். இழுவை வழுக்கை என்பார்கள். தொடக்கத்தில் நிறுத்திவிட்டால் முடி திரும்ப வளரும். ஆண்டுக்கணக்கில் இழுத்தால் வேர்ப்பை தழும்பாகிவிடும், அதன்பிறகு எந்த எண்ணெயும் உதவாது. மல்லிகை, நீங்கள் தேடும் ஆள் அழகாகப் பின்னுகிறாரா என்று பார்க்குமுன் தளர்வாகப் பின்னத் தெரிந்தவரா என்று பாருங்கள்.

கத்தரிக்கோல்
புதன், பிற்பகல் 2.30

நான் இந்தத் தொழிலில் இருப்பவள். அதனால் நீட்டி எழுதப்போகிறேன்.

முதலில், சலூன்காரர்கள் ஏன் கைவிரிக்கிறார்கள் என்பது. இந்த நாட்டில் சலூன் நடத்தத் தொழில் சான்றிதழ் வேண்டும். அந்தப் படிப்பில் நாங்கள் வெட்டியும் சாயம் பூசியும் பழகிய பொம்மைத் தலைகளில் இருந்தது நேர்முடி. இறுக்கச் சுருண்ட முடியை ஒரு தடவைகூடத் தொடாமல் தேர்ச்சி பெற்று வந்தவர்கள் ஏராளம். நான் இதைக் கற்றது படிப்பெல்லாம் முடிந்தபிறகு, ஐவரி கோஸ்டைச் சேர்ந்த ஒரு பெண்ணின் பக்கத்தில் நின்று. ஆகவே சுவரில் தொங்கும் சான்றிதழ் உங்களுக்கு எதையும் சொல்லாது. கறுப்பினத்தவர் நடத்தும் கடை என்பதும் போதாது. செயற்கை முடி பொருத்துவதிலும் நேராக்குவதிலும் கெட்டிக்காரர்கள் நிறையப் பேர் அங்கே உண்டு. பிள்ளையின் சொந்த முடியை அதன் சுருளோடு வைத்துப் பராமரிக்கத் தெரிந்தவர்கள் அங்கேயும் தேடித்தான் கிடைப்பார்கள்.

கையைத்தான் பார்க்கவேண்டும். கடைக்குள் போனதும் உட்காராதீர்கள். "கொஞ்ச நேரம் பார்க்கலாமா" என்று கேட்டுவிட்டு, நாற்காலியில் இருக்கும் இன்னொருவரின் தலையில் என்ன நடக்கிறது என்று கவனியுங்கள். தண்ணீர் தெளிக்கும் புட்டி கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறதா? முடியை நாலாகவோ ஆறாகவோ பிரித்து, கவ்விகளால் மாட்டிவிட்டு, ஒரு பகுதியை மட்டும் அவிழ்த்து வேலை செய்கிறாரா? இவை இல்லையென்றால் மேலே பார்க்க ஒன்றுமில்லை, வந்துவிடுங்கள்.

சிக்கெடுக்கும்போதுதான் ஆளின் தரம் தெரியும். தெரிந்தவர் முடியை நனைத்து, கண்டிஷனர் தடவி, முதலில் விரல்களால் பிரிப்பார். பிறகு அகலப்பல் சீப்பை நுனியில் வைப்பார். அது தடையின்றி இறங்கியதும் ஓர் அங்குலம் மேலே, மறுபடி ஓர் அங்குலம் மேலே என்று வேரை நோக்கி ஏறுவார். மற்றக் கை சும்மா இருக்காது. சீப்புக்கும் தலைக்கும் நடுவில் அந்தக் கற்றையை இறுகப் பிடித்திருக்கும். சீப்பு இழுக்கும் இழுப்பு அந்தப் பிடியோடு நின்றுவிடும், உச்சந்தலைக்குப் போகாது. உங்கள் மகள் அலறியதற்கு உலர்ந்த முடி பாதிக் காரணம் என்றால், இந்தப் பிடி இல்லாதது மீதிப் பாதி.

பின்னலைப் பொறுத்தவரை, வால்சீப்பின் கூரால் வகிடு எடுத்து, முதல் சில புரிகளைப் பிள்ளையின் சொந்த முடியாலேயே தளர்வாகத் தொடங்கவேண்டும். செயற்கை முடி சேர்ப்பதானால் போகப்போகச் சிறுசிறு இழையாகச் சேர்ப்பார்கள். தொடக்கத்திலேயே தடித்த முடிச்சுப் போட்டால் முழுப் பாரமும் நெற்றியோரத்து மெல்லிய முடியில் தொங்கும். ஆறு வயதுக்குச் செயற்கை முடியே வேண்டாம் என்பது என் கட்சி. பின்னி முடித்தபின் வேரடியில் வெள்ளையாகச் சிறு பருக்கள் எழும்பினாலோ, புருவத்தை உயர்த்தப் பிள்ளை சிரமப்பட்டாலோ அன்றிரவே அவிழ்த்துவிடுங்கள். "இரண்டு நாளில் இளகிவிடும்" என்று ஆறுதல் சொல்பவரிடம் மறுபடி போகாதீர்கள்.

தொலைபேசியிலேயே கேட்கக்கூடிய கேள்வி ஒன்று உண்டு: "சூட்டுக்காற்றால் முடியை நீட்டிவிட்டுத்தான் பின்னுவீர்களா?" எப்போதும் அப்படித்தான் என்றால் விட்டுவிடுங்கள். அவர்களுக்கு வேலை கெதியாக முடிகிறது, அவ்வளவுதான். குறைந்த சூட்டில், பாதுகாப்புக் கிரீம் பூசி, தேவைப்பட்டால் மட்டும் என்று சொல்பவரிடம் மேலே பேசலாம்.

லூயிஷம் அண்ணா
புதன், மாலை 6.10

லண்டனிலும் இதே கதைதான். சிகையலங்காரத் தொழிலுக்கான தேசியத் தரநிலைகளை 2021 இல் திருத்தி, ஆப்பிரிக்கச் சுருள்முடியையும் எல்லோரும் கற்கவேண்டும் என்று சேர்த்தார்கள். புதிதாகப் படித்து வருபவர்களுக்கு அது சரி. அதற்கு முன்பே கத்தரி பிடித்தவர்களை யார் திரும்பப் பள்ளிக்கு அனுப்புவது?

லூயிஷத்திலும் பெக்கமிலும் இருப்பவர்களுக்குத் தொல்லையில்லை, தெருவுக்குத் தெரு கடை. என் மைத்துனர் கென்ட் பக்கம் பெரிய வீடு வாங்கிக்கொண்டு போனார். மகனுக்கு முடிவெட்ட வேண்டுமென்றால் சனிக்கிழமை காலையில் ரயிலேறி இங்கே வருகிறார்கள். வீடு பார்க்கும்போது பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி எல்லாம் விசாரித்தார். சலூனை யார் விசாரிப்பார்கள்!

பரிஸ்மல்லிகை
புதன், இரவு 9.55

கத்தரிக்கோல் அக்கா, அந்தப் பிடியை இன்று மாலையே செய்து பார்த்தேன். பிள்ளை கார்ட்டூனிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. மிக்க நன்றி.

ஷாத்தோ தோவில் வாசலில் நின்று அழைப்பவர்களைப் பற்றி யாருக்காவது தெரியுமா? ஒரே பின்னலுக்கு ஒருவர் முப்பது யூரோ என்கிறார், பக்கத்தில் நிற்பவர் எழுபது என்கிறார்.

குர்னோவ் குமரன்
புதன், இரவு 11.20

அக்கா, அவர்கள் ஆள்பிடிப்பவர்கள். கூட்டி வரும் தலைக்கு இவ்வளவு என்று கூலி. கடையில் அந்த நேரம் யார் சும்மா இருக்கிறாரோ அவரிடம் உங்களை உட்காரவைப்பார்கள். ஆறு வயதுப் பிள்ளைக்கு ஏற்ற கை யாருடையது என்று பார்ப்பது அவர்கள் வேலையில்லை. ஆகவே அந்த மெட்ரோவில் இறங்கவே இறங்காதீர்கள். நம் தமிழ்க் கடைகள் இருக்கும் லாச்சப்பலில் மரக்கறி வாங்கிக்கொண்டு, அதே போபூர் சன் தெனி தெருவில் கீழ்நோக்கி நடந்து வாருங்கள். கார் து நோர், கார் து லெஸ்ட் ரயில் நிலையங்களைத் தாண்டினால் அந்த வட்டாரம்தான். பக்கத்துத் தெருவால் நுழைபவரை யாரும் அவ்வளவாக மறிப்பதில்லை. ஒரே தெருவின் மேல்முனையில் நம் சனம் இத்தனை காலமாக முருங்கைக்காயும் சேலையும் வாங்குகிறது. கீழ்முனைப் பக்கம் எட்டிப் பார்த்தவர்கள் எத்தனை பேர் என்று கேட்டால் விடை நன்றாக இருக்காது.

விலை பற்றி: முக்கியமான வேலைகளின் விலைப்பட்டியலை வெளியிலிருந்து தெரியும்படி ஒட்டவேண்டும் என்பது சட்டம். 25 யூரோவும் அதற்கு மேலும் என்றால் கேட்காமலே ரசீது தரவேண்டும். பட்டியல் இல்லாத கடையில் விலை உங்கள் முகத்தைப் பார்த்துத்தான் முடிவாகும்.

அதற்காக அடிமாட்டு விலைக்குப் பேரம் பேசவும் வேண்டாம். 2014 இல் புல்வார் து ஸ்த்ராஸ்பூர் 57 ஆம் இலக்கக் கடையில் வேலைசெய்தவர்கள் சம்பளம் கிடைக்காமல் வேலைநிறுத்தம் செய்தார்கள். பலருக்கு வதிவிட அனுமதி கிடையாது. அந்தத் துணிச்சலை இன்னும் நினைக்கிறேன். சேஜேதே தொழிற்சங்கம் துணைக்கு நின்றது, கடையை விட்டு நகராமல் மாதக்கணக்கில் உட்கார்ந்திருந்தார்கள், கடைசியில் அனுமதியும் பெற்றார்கள். மூன்று மணி நேரம் நின்று பின்னுகிற வேலைக்கு முப்பது யூரோ என்றால், அதில் கடைக்காரர் பங்கும் ஆள்பிடிப்பவர் பங்கும் போகப் பின்னியவர் கைக்கு என்ன வரும் என்று கணக்குப் பாருங்கள். அவசரமாகப் பின்னுவதும் இறுக்கிப் பின்னுவதும் அங்கிருந்துதான் தொடங்குகின்றன.

பழைய நல்லூரான்
வியாழன், காலை 8.30

மூன்று மணி நேரம், எழுபது யூரோ, அதுவும் ஒவ்வொரு தரமும்! பேசாமல் ஒரே தரம் நேராக்கும் மருந்தைப் போட்டுவிட்டால் வீட்டிலேயே வாரிக்கொள்ளலாமே. சிறுபிள்ளைகளுக்கென்றே பெட்டியில் படம் போட்டு விற்கிறார்கள், பார்த்திருக்கிறேன்.

தாதி நிலா
வியாழன், காலை 9.15

படம் போட்ட பெட்டியின் பின்பக்கத்தையும் படியுங்கள் ஐயா.

பழைய வகை மருந்தில் இருப்பது சோடியம் ஹைட்ராக்சைடு, அடைப்பெடுக்கும் காரம். ஐரோப்பிய விதிப்படி பொதுமக்களுக்கு விற்கும் நேராக்கியில் அது 2 சதவீதத்தைத் தாண்டக்கூடாது, தொழில்முறைக் கடைக்கானதில் 4.5 சதவீதம். "கண்பார்வை போகலாம், பிள்ளைகளுக்கு எட்டாமல் வையுங்கள்" என்று எழுதவும் வேண்டும். பிள்ளைகளுக்கு எட்டாமல் வைக்கவேண்டியதைப் பிள்ளையின் தலையில் வைப்பதா? "காரம் இல்லாதது" என்று விற்பதிலும் வேறு ஹைட்ராக்சைடுதான் வேலை செய்கிறது. முடியின் உட்பிணைப்பை உடைப்பதுதான் அதன் தொழில். ஒருமுறையோடும் முடியாது. புதிதாக வளரும் வேர் சுருளாகவே வரும், மறுபடி போடவேண்டும்.

அமெரிக்காவில் முப்பத்து மூவாயிரத்துக்கும் மேற்பட்ட பெண்களை ஏறத்தாழ 11 ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த ஆய்வொன்று 2022 இல் வெளிவந்தது. நேராக்கிகளை அடிக்கடி பயன்படுத்தியவர்களில் 70 வயதுக்குள் கருப்பைப் புற்றுநோய் வரும் வாய்ப்பு 4.05 சதவீதம், பயன்படுத்தாதவர்களில் 1.64 சதவீதம். அது தொடர்பைத்தான் காட்டுகிறது, காரணத்தை நிரூபிக்கவில்லை. ஆனாலும் ஆறு வயதில் தொடங்குவதற்கு எனக்கு மனம் வராது. "பிரேசில் முறை" என்று இப்போது பரவும் மருந்துகள் சிலவற்றில் கிளையாக்சிலிக் அமிலம் இருக்கிறது. அது சிறுநீரகத்தைத் தாக்கக்கூடும் என்று இங்குள்ள அரச சுகாதாரப் பாதுகாப்பு நிறுவனமான ஆன்செஸ் எச்சரித்திருக்கிறது.

வளர்ந்த பெண் தானே தெரிந்து போட்டுக்கொண்டால் அது அவள் விருப்பம். இந்தப் பிள்ளைக்கு வேண்டாம்.

ஸ்கார்பரோ சித்தி
வியாழன், பிற்பகல் 4.45

தொரன்ரோவில் எக்ளிண்டன் மேற்கைச் "சின்ன ஜமெய்க்கா" என்பார்கள், சலூன்களுக்குப் பெயர்போன தெரு. 2011 இல் ரயில்பாதைக்குத் தோண்டத் தொடங்கினார்கள். அந்த வேலை இழுத்த இழுப்பில் எத்தனையோ கடைகள் மூடிப்போயின. அதனால் இங்கே பலர் வீட்டிலேயே பின்னிவிடும் பெண்களிடம் போகிறார்கள். ஸ்கார்பரோவில் நாங்களும் ஜமெய்க்காக்காரரும் ஒரே மாடியில் குடியிருப்பதால் விசாரிப்பது எளிது.

மல்லிகைக்கு என் யோசனை: பள்ளிக்கூட வாசலில் நில்லுங்கள். நெற்றியோரம் நிறைவாக, முடி மினுமினுப்பாக, பின்னல் தலையோடு இயல்பாகப் படிந்திருக்கும் ஒரு பிள்ளையைப் பார்த்துவையுங்கள். அந்தத் தாயிடம் போய் யார் பின்னியது என்று கேளுங்கள். எந்தத் தாயும் அதற்குக் கோபிக்கமாட்டாள். இணையத்தில் போடும் படங்கள் பின்னி முடித்த நிமிடத்தில் எடுத்தவை; அந்தப் பிள்ளையின் தலை அடுத்த மாதம் எப்படி இருந்தது என்று அதில் தெரியாது.

இன்னொன்று, சம்பந்தமில்லை என்றாலும் சொல்கிறேன். அந்தக் கடைக் கண்ணாடிகளில் "இந்திய முடி" என்று எழுதிக் கற்றை கற்றையாகத் தொங்குமே, அதில் திருப்பதியில் நேர்த்திக்கடனுக்கு மொட்டையடித்த முடியும் சேர்த்தி. தேவஸ்தானம் அதை ஏலத்தில் விற்கிறது. நம் ஊர்ப் பெருமாளுக்குக் கொடுத்தது இங்கே வந்து யார் யார் தலையிலோ ஏறியிருக்கிறது.

சட்டக்கல்லூரி மாணவி
வியாழன், இரவு 8.00

முதல் சலூன் திருப்பி அனுப்பியது சட்டப்படி சரியா என்று ஒருவர் எனக்குத் தனிமடலில் கேட்டிருந்தார். முடித் தோற்றத்தை வைத்துப் பாகுபாடு காட்டுவதைத் தடைசெய்யும் முன்மொழிவை, குவாதலூப் உறுப்பினர் ஒலிவியே செர்வா கொண்டுவந்து, 2024 மார்ச் 28 அன்று தேசிய சட்டமன்றம் முதல் வாசிப்பில் நிறைவேற்றியது. அதன் கவனம் பெரும்பாலும் வேலையிடம். அதற்கு முன்பே, 2022 நவம்பரில், பின்னலிட்ட முடியோடு பணிசெய்யவிடாத ஏர் பிரான்ஸுக்கு எதிராக ஒரு விமானப் பணியாளருக்கு உச்ச மேல்முறையீட்டு நீதிமன்றம் சாதகமாகத் தீர்ப்பளித்தது. பெண் பணியாளர்களுக்குப் பின்னல் ஆகும், ஆணுக்கு ஆகாது என்பது பாகுபாடு என்ற அடிப்படையில்.

ஆனால் "எனக்கு இந்த வேலை தெரியாது" என்று ஒரு சலூன் சொல்வதை இவை எதுவும் மாற்றாது. தெரியாத கையிடம் வற்புறுத்தித் தலையைக் கொடுத்து என்ன ஆகப்போகிறது?

பரிஸ்மல்லிகை
சனி, இரவு 7.30

ஸ்கார்பரோ சித்தி சொன்னபடி வெள்ளிக்கிழமை பள்ளி வாசலில் மாலி நாட்டுத் தாய் ஒருவரிடம் கேட்டேன். அவர் சொன்ன ஆள் ஷாத்தோ தோவில் இல்லை, சன் தெனி நகரில் இரண்டே நாற்காலி உள்ள சிறிய கடை. தற்செயலாக ஒருவர் வராததால் இன்று காலையே இடம் கிடைத்தது.

போனதும் அந்த அம்மா சீப்பை எடுக்கவில்லை. வீட்டில் என்ன தேய்க்கிறேன், எத்தனை நாளுக்கொரு முறை கழுவுகிறேன், இரவில் தலையை எதால் மூடுகிறேன் என்று கேட்டார். மகளிடமும் தனியாகக் கேட்டார், எந்த இடத்தில் தொட்டால் நோகும் என்று. பிறகு ஒரு கற்றையில் தண்ணீர் தெளித்து, வெளிச்சத்தில் நுனியைப் பிடித்துப் பார்த்துவிட்டு, "இன்று பின்னமாட்டேன்" என்றார். நுனி பிளந்திருக்கிறது, அதை வைத்துப் பின்னினால் அவிழ்க்கும்போது பிளவு மேலே ஏறும் என்பது அவர் விளக்கம். கழுவி, சிக்கெடுத்து, முடியைச் சிறுசிறு முறுக்குகளாக்கி, ஒவ்வொரு முறுக்கின் நுனியிலும் மெலிந்து தெரிந்த அளவை மட்டும் வெட்டினார். கத்தரிக்கோல் அக்கா எழுதிய பிடியை அங்கே கண்ணால் கண்டேன். பிள்ளை பாதியில் தூங்கிவிட்டாள். விலை வாசலில் ஒட்டியிருந்ததுதான், ரசீதும் கிடைத்தது.

அடுத்த வாரம் பின்னல். தடித்த பின்னல்கள், செயற்கை முடி இல்லை, இரண்டு கிழமைக்கு மேல் வைக்கக்கூடாது. மகளுக்கு நுனியெல்லாம் மணி கோக்கவேண்டும் என்று ஒரே பிடிவாதம். "பின்வரிசைக்கு மட்டும், ஒரு பின்னலுக்கு மூன்று மணி" என்று இருவருமாகப் பேரம் முடித்துக்கொண்டார்கள். என்னை யாரும் கேட்கவில்லை.

குர்னோவ் குமரன்
சனி, இரவு 8.05

அக்கா, கடையின் பெயர்?

மட்டுறுத்துநர்
சனி, இரவு 8.20

தனியாரின் பெயரும் தொலைபேசி எண்ணும் பொதுவில் வேண்டாம். தனிமடலில் கேட்டுக்கொள்ளுங்கள்.

கத்தரிக்கோல்
சனி, இரவு 9.10

இன்று பின்னமாட்டேன் என்று பின்னல் காசை விட்டுக்கொடுத்தாரே, அவரை விட்டுவிடாதீர்கள். செப்டம்பரில் பள்ளி திறக்கும் வாரத்துக்கு ஜூலையிலேயே நேரம் கேட்டுவையுங்கள், அப்போது நல்ல கைகள் எல்லாம் நிறைந்துவிடும். பின்னல் போட்டபின் இரவில் சாட்டின் குல்லாவோ சாட்டின் தலையணையுறையோ கட்டாயம். பருத்தித் துணி ஈரத்தை உறிஞ்சி முடியை உராய்ந்துவிடும்.

பழைய நல்லூரான்
சனி, இரவு 9.40

சாட்டின் துணி என்றால் லாச்சப்பலில் பாவாடைத் துணி விற்கும் கடைகளிலேயே மீட்டர் கணக்கில் கிடைக்கும். ஒரு மீட்டர் வாங்கினால் இரண்டு உறை தைக்கலாம். அதையும் பெட்டியில் போட்டு விற்பவனிடம் வாங்கிக் காசைக் கரியாக்காதீர்கள்.